உயர் நீதிமன்றமும் எங்கள் காணி உறுதியும்

இலங்கை உயர் நீதிமன்றம் 1801இல் பிரித்தானிய அரசரின் பட்டயத்தால் நிறுவப்பட்டது. பின்னர் அதன் நீதியரசர்கள் யாழ்ப்பாணத்திற்கும் சுற்றாக வந்து பாரிய குற்ற வழக்குகளை யூரர்களுடன் விசாரித்தனர். சொத்து வழக்குகளில்தான் சிக்கல். ஆங்கிலேய நீதியரசர் யாருடைய சட்டப்படி தீர்ப்பது?

யாழ்ப்பாணத் தமிழருக்காக, 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமையை 1806இல் ஆங்கிலேயர் சட்டமாக்கினர். அதே ஆண்டு கொழும்பு முஸ்லிம்களுக்கும் ஒரு சட்டத்தொகுப்பு வந்தது. நாடெங்கும் அது விரிவடைய 1852 ஆயிற்று.

ஆகவே பக்கத்து வீட்டுத் தோழியர் இருவருக்கும் சட்டம் வேறு. தேசவழமையில் மணமான பெண் தன் காணியை விற்கக் கணவரின் சம்மதம் வேண்டும். 1911ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டமும் அதை மாற்றவில்லை. முஸ்லிம் மனைவியின் சொத்தோ முழுவதும் அவளுடையது. இன்றும் உறுதி எழுதப் போனால், நொத்தாரிசு தோழியிடம் கணவரின் கையொப்பத்தைக் கேட்பார், நம்மிடம் கேட்கமாட்டார்.