வேலைக்கு எழுதும் விண்ணப்பக் கடிதம்

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பலர் எஸ்.பி.எம். தேர்வை முடித்து, வெளியிலே வேலை தேடுகின்றனர். தகுதி இருந்தும் நேர்முகத் தேர்வுக்கு அழைக்கப்படாதோர் அவர்களுள் உண்டு. அதற்குக் காரணங்கள் பலவாக இருக்கலாம். அவற்றுள் நம் கையாலேயே திருத்திக்கொள்ளத்தக்கது ஒன்று உண்டு. அதுவே நாம் எழுதும் விண்ணப்பக் கடிதம்.

முன்னாளில் தோட்டத் தொழிலாளிக்குக் கடிதம் என்றாலே மனுதான். கிராணியாரையோ பள்ளி ஆசிரியரையோ நாடி அதனை எழுதி வாங்குவர். வேலையும் வீடும் விடுப்பும் துரையின் மனத்தைப் பொறுத்திருந்த காலம் அது. ஆகவே, "ஏழையேன்", "கருணை கூர்ந்து" என்னும் சொற்களே மனு முழுவதும் நிறைந்திருந்தன. காலம் மாறியும் அந்தப் பழக்கம் நம்மை விட்டு முற்றும் நீங்கவில்லை. இன்று கடிதத்தைப் படிக்கும் மேலாளர் நம் வறுமையை அளந்து பார்ப்பதில்லை. "இவரால் எமக்கு ஆகும் வேலை யாது?" என்னும் ஒரு வினாவுக்கே விடை தேடுகிறார்.

இதனைக் கேமரன் மலையை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வோம். 1885ஆம் ஆண்டில் நில அளவையாளர் வில்லியம் கேமரன் கண்டறிந்து கூறிய அம்மலைப் பகுதியில், 1929ஆம் ஆண்டில் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. ரப்பர்த் தோட்டங்களைப் போலவே அங்கும் தமிழர் உழைப்பால் மலைச்சரிவுகள் பசுமை பெற்றன. இன்று அங்கே கொழுந்து எடுக்கும் வேலை மட்டுமன்று. தொழிற்சாலை வேலை, இயந்திரம் பழுதுபார்க்கும் வேலை, சுற்றுப்பயணிகளுக்குத் தேநீர் வழங்கி விளக்கம் கூறும் வேலை எனப் பலவகை உண்டு. சுங்கை பாலாஸ் தோட்டத்தில் தொழிற்சாலையையும் தேநீர் நிலையத்தையும் காணப் பயணிகள் வருகின்றனர். எனவே, "ஏதாவது ஒரு வேலை தாருங்கள்" என்று எழுதுபவரை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று மேலாளர் அறியார். வேலையின் பெயரைக் குறித்து எழுதுவதே முதற்படி.

இரண்டாவதாக, அந்த வேலையைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தை வாடவைத்து, உருட்டி, நிறம் மாறும்வரை காற்றுப்பட வைத்து, பின் உலர்த்தித் தரம் பிரிக்கின்றனர். ஒவ்வொரு படியிலும் நேரமும் வெப்பமும் தவறாது கவனிக்கப்பட வேண்டும். ஆகவே நேரந்தவறாமை, தூய்மை, கணக்கெழுதும் பழக்கம் ஆகியவை அங்கே மதிக்கப்படும். இவை ரப்பர்த் தோட்டத்தாருக்குப் புதியன அல்ல. பொழுது புலருமுன் எழுந்து பால்வெட்டப் போகிறவருக்கு நேரந்தவறாமையை யார் கற்பிக்க வேண்டும்? இருப்பினும், அதனைத் தகுதி என்று கருதி எழுத நாம் தவறிவிடுகிறோம்.

பின்வரும் மாதிரியைக் காண்க:

"ஐயா,

தேயிலைத் தொழிற்சாலையில் பயிற்சித் தொழிலாளர் வேலைக்கு விண்ணப்பம்

தங்கள் அறிவிப்பைக் கண்டு மேற்கண்ட வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். நான் எஸ்.பி.எம். தேர்ச்சி பெற்றவன். கடந்த 14 மாதங்களாக ரப்பர்த் தோட்டத்தில் பால் நிறுக்கும் கொட்டகையில் பணியாற்றுகிறேன். நாள்தோறும் 30 பேர் கொண்டுவரும் பாலை நிறுத்துப் பதிவேட்டில் எழுதுகிறேன். கொழுந்தை நிறுத்துக் கணக்கு வைப்பதில் இந்தப் பழக்கம் பயன்படும் என நம்புகிறேன். தேயிலை இயந்திரங்களில் எனக்குப் பழக்கமில்லை. கற்றுக்கொள்ள ஆவலாய் உள்ளேன். ஒரு மாத முன்னறிவிப்புக்குப் பின் வேலையில் சேர இயலும். நேர்முகத் தேர்வுக்கு வர அணியமாய் உள்ளேன்."

இந்தக் கடிதத்தில் புலம்பல் இல்லை, பெருமிதமும் இல்லை. செய்த வேலையும் அதன் அளவும் உள்ளன. தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்வதால் மற்றவற்றின் மீதும் நம்பிக்கை பிறக்கிறது. செய்யாத வேலையைச் செய்ததாக எழுதுபவர் நேர்முகத் தேர்வின் முதல் கேள்வியிலேயே அகப்பட்டுக்கொள்வார்.

எழுதும் முறையிலும் கருத்து வேண்டும். அறிவிப்பு எந்த மொழியில் உள்ளதோ அந்த மொழியிலேயே கடிதம் அமைதல் நன்று. மலாயில் எழுதுவோர் "துவான்" அல்லது "புவான்" என விளித்து, "செகியான், தெரிமா காசே" என முடித்து, "யாங் பெனார்" என்பதன்கீழ் ஒப்பமிடுவது வழக்கம். கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டியதில்லை. சான்றிதழ்களின் நகல்களை மட்டும் இணைக்க வேண்டும், மூலத்தை அனுப்பலாகாது. தொலைபேசி எண்ணில் ஓர் இலக்கம் தவறினாலும் உழைப்பு வீணாகும். மின்னஞ்சலில் அனுப்புவோர் கோப்புக்குத் தம் பெயரையும் வேலையின் பெயரையும் இடுவாராக. தொழிற்பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் பாலிடெக்னிக் மாணவர்கள் பயிற்சி தொடங்கும் நாளையும் முடியும் நாளையும் குறிப்பிட்டு, தம் கல்லூரி தரும் கடிதத்தையும் சேர்த்தல் அவசியம். வேலை காலியிடங்களை அறிய, சொக்சோ நடத்தும் மைஃபியூச்சர்ஜோப்ஸ் இணையத்தளத்தில் கட்டணமின்றிப் பதிந்துகொள்ளலாம்.

ஒரே கடிதத்தைப் பத்து இடங்களுக்கு அனுப்புவதும் தவறு. முற்றிய இலையை விடுத்து இரண்டு இலையும் ஒரு மொட்டும் தேர்ந்தெடுப்பது போல, அந்தந்த வேலைக்குரிய செய்திகளை மட்டும் தேர்ந்தெழுத வேண்டும்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். பிள்ளை எழுதிய கடிதத்தை உரக்கப் படிக்கச் செய்து கேளுங்கள். "இவள் என்ன வேலை கேட்கிறாள்? அதற்கு என்ன தெரிந்து வைத்திருக்கிறாள்?" என்ற இரண்டும் உங்களுக்கு விளங்குமானால், மேலாளருக்கும் விளங்கும். கைகூப்பி இரந்து நின்ற காலம் நம் பாட்டன்மாரோடு போகட்டும். உழைத்தவன் தன் உழைப்பைச் சொல்லிக் கேட்பது இரத்தல் ஆகாது.