ஊசியை எப்போது மாற்றுவது?

மெக்கானிக்கல் டிப்ளமோ படித்து, ரயில்வேயின் பாலக்காடு கோட்டத்தில் பெட்டிகளின் சக்கரங்களையும் பிரேக்குகளையும் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தையலைப் பற்றி எழுத வந்ததற்குக் காரணம் என் மனைவியும் ஒரு முறிந்த ஊசியும்தான்.

நாங்கள் இருப்பது ஆனைகட்டியில், எல்லைக்குக் கேரளப் பக்கம். மலைக்காற்றில் இரவு குளிரும். பழைய நூல் சேலைகளை அடுக்கி, நடுவில் பஞ்சுத் தகடு வைத்து, மேலே துண்டுத் துணிகளை ஒட்டிப் போர்வை தைப்பது என் மனைவியின் பொழுதுபோக்கு. வங்காளத்தில் இதே வேலையைக் காந்தா என்கிறார்கள். வட கன்னடத்துச் சித்திப் பெண்கள் கவந்தி என்கிறார்கள்.

சென்ற சித்திரையில் வெளிநாட்டில் இருக்கும் மகளுக்குப் பிறந்த குழந்தைக்காக ஒன்று தைத்துக்கொண்டிருந்தாள். என் தாயாரின் சுங்குடிச் சேலையும் அதில் சேர்ந்திருந்தது. மிஷினில் ஊசி முறிந்தது. வேறு ஊசி மாட்டித் தொடரப் போனவளை நிறுத்தினேன். கையில் இருந்த துண்டில் முனையைக் காணோம்.

"ஏனுங்க, இது என்ன உங்க ரயில் சக்கரமா?" என்றாள்.

அவள் கேட்டதும் நியாயம்தான். ரயிலில் சக்கரத்தின் உள்விளிம்பு தண்டவாளத்தில் உரசி மெலியும். அகலப் பாதை சரக்கு வண்டியில் அது 16 மில்லிமீட்டருக்குக் கீழே போனால், அந்தச் சக்கரம் ஓடக்கூடாது. "நன்றாகத்தானே ஓடுகிறது" என்ற பேச்சுக்கு இடமே இல்லை. கேஜை வைத்துப் பார்ப்போம், அது சொன்னதுதான் தீர்ப்பு. வீட்டில் நாம் செய்வது இதற்கு நேர் எதிர். முறியும் வரை ஊசி நல்ல ஊசி.

குழந்தை படுக்கப்போகும் போர்வை. பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றி வைத்திருந்த காந்தத்தைத் துணிமேல் மெதுவாக ஓட்டினேன். ஓரிடத்தில் லேசாக இழுத்தது. அங்கே ஒரு சாண் தையலைப் பிரித்தோம். பஞ்சுக்குள் அரிசி நீளத்துக்கு முனை கிடந்தது. வெள்ளைத் தாளில் துண்டுகளைச் சேர்த்துவைத்து, ஊசி முழுதாயிற்று என்று உறுதி செய்த பிறகே மேலே தைத்தாள். இது என் கண்டுபிடிப்பு அல்ல. திருப்பூரில் ஏற்றுமதிக்குத் தைக்கும் கம்பெனிகளில் முறிந்த ஊசிக்கென்றே பதிவேடு உண்டு. எல்லாத் துண்டுகளையும் காட்டினால்தான் புது ஊசி கிடைக்கும். துண்டு கிடைக்காவிட்டால் அந்த உருப்படியைத் தனியே ஒதுக்கிவிடுவார்கள்.

அந்த ஊசி எப்போது மாட்டியது என்று கேட்டேன். தீபாவளிக்கு என்றாள். மிஷின் ஊசிக்குச் சுமார் 8 மணி நேரத் தையல்தான் ஆயுள் என்று பொதுவாகச் சொல்வார்கள். நிமிடத்துக்கு 500 குத்து என்று வைத்தாலும் 8 மணி நேரத்தில் 2,40,000 முறை அந்த முனை துணியைத் துளைக்கிறது. பல அடுக்குப் போர்வையில் உழைப்பு இன்னும் கடுமை.

மணியைக் கணக்கு வைக்க முடியாதவர்கள் காதைத் தீட்டிக்கொள்ளலாம். கூரான ஊசி துணிக்குள் சத்தமின்றி இறங்கும். மழுங்கியது 'டப் டப்' என்று இடிக்கும். தையல் விட்டுவிட்டு விழும், நூல் பிசிறும். சந்தேகம் வந்தால் கழற்றி, முனையைப் பழைய பட்டுத் துணியில் லேசாக இழுத்துப் பாருங்கள். இழை கொக்கியில் மாட்டினால் போல வந்தால் வேலை முடிந்தது. தட்டைப் பக்கம் கீழே இருக்கும்படி கண்ணாடி மேல் வைத்தால், ஊசிக்கும் கண்ணாடிக்கும் இடையில் உள்ள வெளிச்சம் ஒரே அளவாகத் தெரிய வேண்டும். குறுகிக்கொண்டோ விரிந்துகொண்டோ போனால் ஊசி வளைந்திருக்கிறது. பனியன் துணித் துண்டுகளை வைத்துத் தைப்பவர்கள் உருண்டை முனை ஊசி கேட்டு வாங்குங்கள். கூர் முனை வளையத்தை அறுத்து ஓட்டை போட்டுவிடும். அது தேய்மானக் கோளாறு அல்ல.

புது ஊசி மாட்டியும் நூல் அறுந்தால் ஊசி மேல் பழி போடாதீர்கள். கீழே இருக்கும் தகட்டின் ஓட்டையை நகத்தால் தடவிப் பாருங்கள். முன்பு வளைந்த ஊசி அங்கே மோதிக் கீறியிருக்கும்.

கை ஊசிக்கு வியர்வைதான் எமன். மேல்பூச்சு போய்க் கறுத்தால் துணியில் கறை விடும். எங்கள் ஊரில் ஆடிக் காற்றும் மழையும் வந்தால் துரு சீக்கிரம் பிடிக்கும். விரலுறையில் உள்ள குழிகள் மழுங்கினால் ஊசி வழுக்கி நகத்துக்குள் இறங்கும். அதை ஒருமுறை அனுபவித்தவர்கள் தாமதிக்க மாட்டார்கள்.

டேப் விஷயத்தில் மட்டும் என் பேச்சை மனைவி மறுக்காமல் கேட்டாள். துணி டேப் நாளடைவில் நீளும். முழுப் போர்வையையும் ஒரே டேப்பால் அளந்தால் பிழை வெளியே தெரியாது. இரண்டு டேப் சேர்ந்தால்தான் சண்டை. கட்டம் ஒன்றுக்கு 2 மில்லிமீட்டர் கூடினால், வரிசைக்கு 12 கட்டம் இருக்கும் போர்வையில் கடைசி ஓரம் 24 மில்லிமீட்டர் தள்ளி நிற்கும். வருஷத்துக்கு ஒருமுறை ஸ்டீல் ஸ்கேலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கத்தரிக்கோல் சீக்கிரம் குப்பைக்குப் போக வேண்டியதில்லை. சாணை பிடிக்கலாம், திருகை இறுக்கலாம். ஆனால் மறுபடி மறுபடி சாணை பிடித்து, நுனிகள் இரண்டும் ஒன்றோடொன்று சேராத நிலை வந்துவிட்டால் துணிக்கு ஆகாது. என் தாயாரின் கத்தரி அப்படித்தான் ஆயிற்று. மனைவி அதை எறிய விடவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. கைப்பிடியில் சிவப்பு நூல் கட்டி, காகிதம் வெட்ட மட்டும் என்று வைத்திருக்கிறாள்.

கழித்த ஊசிகளைக் குப்பையில் போடாதீர்கள். குப்பை அள்ளுபவர் கையிலோ, மேயும் மாட்டின் வாயிலோ போய்ச் சேரும். எங்கள் வீட்டில் ஒரு காலி மாத்திரை டப்பாவில் போட்டு மூடி வைக்கிறோம். புது ஊசி மாட்டிய தேதியைத் தினசரிக் காலண்டரின் அட்டையில் என் மனைவியே குறித்துவிடுகிறாள். என் கண்ணில் பட வேண்டும் என்று கொஞ்சம் பெரிய எழுத்தில்.