குடலுக்குள் ஒரு தண்டோரா

“எதிர்ப்புச் சக்தி கூடக்கூட நல்லதுதானே, டீச்சர்?” சென்ற வாரம் ஒரு படிவம் 4 மாணவி கேட்டாள். விளம்பரங்கள் அப்படித்தான் சொல்கின்றன. குடலைக் கேட்டால் வேறு பதில் வரும்.

உங்கள் குடலில் லட்சம் கோடிக் கணக்கில் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவற்றுக்கும் உடலுக்கும் நடுவே இருப்பது சளிப் படலமும், ஒரே ஓர் உயிரணு அடுக்கும்தான். அந்த மெல்லிய சுவருக்குப் பின்னால் வெள்ளை அணுக்கள் காவல் நிற்கின்றன. அவை ஒன்றோடொன்று பேசப் பயன்படுத்தும் சிறு புரதங்களே சைட்டோகைன்கள். டிஎன்எஃப் என்னும் சைட்டோகைன் ஆபத்து என்று தண்டோரா போடும். இரத்தக் குழாய்கள் விரியும், வெள்ளை அணுக்கள் திரளும். இதுவே அழற்சி. இன்டர்லூக்கின்-10 கூட்டத்தைக் கலைந்துபோகச் சொல்லும்.

கலைக்க ஆள் இல்லாவிட்டால்? 1993இல் இன்டர்லூக்கின்-10 மரபணு நீக்கப்பட்ட எலிகளுக்குத் தீராத குடல் அழற்சி வந்தது. பின்னர் அதே வகை எலிகளைக் கிருமியே இல்லாத கூண்டுகளில் வளர்த்தார்கள். குடல் நலமாக இருந்தது. ஆக, அங்கே நடந்த சண்டை வழக்கமாகக் குடியிருக்கும் பாக்டீரியாக்களோடுதான்!

மனிதர்களில் கிரோன் நோய், பெருங்குடல் புண் அழற்சி ஆகியவற்றிலும் இந்தச் சமநிலை குலைகிறது. நமக்கு அருகில், ஈப்போ அமைந்துள்ள கிந்தா பள்ளத்தாக்கில் நடந்த ஆய்வு ஒன்று 2015இல் வெளிவந்தது. ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் புதிதாக இந்நோய்கள் கண்டவர்கள் இந்தியர்களில் 1.91, சீனர்களில் 0.63, மலாய்க்காரர்களில் 0.35. மொத்த நோயாளிகள் பத்துப் பேர் அளவே என்பதால் எண்களை இறுக்கிப் பிடிக்க வேண்டாம். ஆனால் இது இளம் வயதில் தொடங்கக்கூடிய நோய். வாரக்கணக்கில் வயிற்றுப்போக்கு, மலத்தில் இரத்தம், எடை குறைவு என்றால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். அம்மாவிடம் சொல்லி மருத்துவரைப் பாருங்கள்.

1998இல் அமெரிக்காவில் கிரோன் நோய்க்கு இன்ஃப்ளிக்சிமாப் மருந்து அனுமதி பெற்றது. இது ஓர் எதிர்ப்பொருள்; டிஎன்எஃப்பைப் பிடித்துக்கொண்டு தண்டோராவை நிறுத்துகிறது. பலருக்கு நல்ல பலன் கிடைத்தது. ஆனால் நுரையீரலில் உறங்கும் காசநோய்க் கிருமியைச் சுற்றி வளைத்து வைத்திருப்பதிலும் அதே டிஎன்எஃப்புக்குப் பங்கு உண்டு. அதனால்தான், வயிற்றுக்கு மருந்து கேட்டு வந்தவரை மருத்துவர் முதலில் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்க அனுப்புகிறார்.