தொடுதிரை யார் கையில்?

கேள்வி: ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். ஸ்மார்ட் போர்டு வந்ததிலிருந்து பிள்ளைகள் பாடல் வீடியோக்களை மனப்பாடமாகப் பாடுகிறார்கள். அதே சொற்களைக் கரும்பலகையில் எழுதிப்போட்டால் பாதிப்பேர் விழிக்கிறார்கள். வீடியோவை நிறுத்திவிடலாமா?

- ஓர் ஆசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: நிறுத்த வேண்டாம், குறைத்துக்கொள்ளுங்கள். எழுத்தைப் பார்க்காமலே பாட்டைப் பாடிவிடலாம்; பிள்ளைகள் மேல் குறையில்லை. தொடுதிரையை வாங்கி மாட்டிவிட்டு, டிவியாகத்தான் பல வகுப்புகளில் ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

உயிர்மெய்யில் தொடங்குங்கள். திரையில் 'க', 'ழி'. பக்கத்தில் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, துணைக்கால். 'கோழி' என்று நீங்கள் சொல்ல, ஒரு பிள்ளை வந்து குறிகளை இழுத்து வைக்கட்டும். ஒற்றைக்கொம்பை வைத்துவிட்டால் உடனே திருத்தாதீர்கள். வகுப்பை வாசிக்கச் சொல்லுங்கள். 'கொழி' என்று வாசித்ததும் சிரிப்பு எழும், வைத்த பிள்ளையே மாற்றிவிடும். கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. தமிழ் படிக்கத் தொடங்கும் பிள்ளை தடுக்கி விழும் இடம் இது. நோட்டில் அழித்தழித்து எழுத வேண்டியதைத் திரையில் நகர்த்திப் பார்க்கலாம். மற்றவர்கள் அந்நேரம் சும்மா இருக்கக் கூடாது. அதே சொல்லைச் சிலேட்டில் எழுதித் தூக்கிக் காட்டட்டும். எண்ணும் எழுத்தும் திட்ட வகுப்பில், கற்றலில் முன்னே நிற்கும் 'மலர்' நிலைப் பிள்ளைகள் கூப்பிடாமலே ஓடிவருவார்கள். நீங்கள் தொடக்க நிலையில் இருக்கும் 'அரும்பு' பிள்ளைகளை முதலில் அழையுங்கள்.

கதைக்கு, பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளம் இருக்கிறது. தமிழ்க் கதைகள் வாசிப்பு நிலைவாரியாக இலவசமாகக் கிடைக்கும். எழுத்தை மறைத்துப் படத்தை மட்டும் காட்டுங்கள். பிள்ளைகள் சொல்வதை அவர்கள் பேச்சிலேயே தட்டச்சு செய்யுங்கள். 'நாயி ஓடியாருது' என்றால் அப்படியே. தான் சொன்னது எழுத்தாகி நிற்பதைப் பார்த்த பிள்ளை அதை வாசிக்காமல் விடாது. நூல் வழக்கை அதன்பின் சேர்க்கலாம். முதல் நாளே திருத்தினால் வாயை மூடிக்கொள்வார்கள்.

ல, ள, ழ உச்சரிப்புத் தடுமாற்றத்துக்குச் செயலி தேட வேண்டியதில்லை. பிள்ளை வாசிப்பதைக் கைப்பேசியில் பதிந்து, அந்தப் பிள்ளைக்கே போட்டுக் காட்டுங்கள். வகுப்பு இரைச்சலில் சரியாகப் பதியாது, வராந்தாவுக்கு அழைத்துப் போங்கள்.

ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள்: திரையில் விரலால் எழுதுவதை எழுத்துப் பயிற்சிக் கணக்கில் சேர்க்காதீர்கள். பென்சில் பிடிப்பும் அழுத்தமும் தாளில்தான் வரும். மின்சாரம் போன நாளில், கொம்பையும் காலையும் அட்டையில் வெட்டி வைத்துக்கொண்டு முதலில் சொன்ன 'கோழி' ஆட்டத்தைத் தரையில் ஆடலாம்.