பயிற்சியாளரைத் தேர்ந்தெடுப்பதும் ஒரு கொள்முதலே



"தன்னம்பிக்கைப் பயிற்சி", "ஆளுமை வளர்ச்சி வகுப்பு", "வியாபாரத்தைப் பத்து மடங்காக்கும் இரண்டு நாள் முகாம்" என்ற அழைப்புகள் இன்று பொழிச்சலூர், பம்மல், அனகாபுத்தூர் பகுதியிலுள்ள சிறு கடைக்காரர்களின் கைபேசிக்கும் வருகின்றன. பயிற்சி நல்லதுதான். வீட்டு வாசலுக்கே பொருளைக் கொண்டுவந்து தரும் நிறுவனங்கள் பெருகிவிட்ட காலத்தில், பழகிய முறையிலேயே கடை நடத்துவது கடினம். ஆனால் யாரிடம் கற்பது? செங்குன்றத்தில் அரிசி வாங்கப் போனால் மூட்டையில் குத்தூசி விட்டு, மாதிரியைக் கையில் கொட்டிப் பார்த்த பிறகே விலை பேசுகிறோம். பயிற்சியாளரையும் அப்படிப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதலில் ஒரு கணக்கு. நூறு ரூபாய் விற்றால் செலவெல்லாம் போக ஐந்து ரூபாய் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். பயிற்சிக் கட்டணம் 25,000 ரூபாய் என்றால், அதை மீட்க 5 லட்சம் ரூபாய்க்குக் கூடுதலாக விற்க வேண்டும். கடையைப் பூட்டிய இரண்டு நாள் நட்டம் தனி. ஆகவே பணம் கட்டும் முன் கீழ்க்கண்டவற்றைக் கவனியுங்கள்.

1. குறை எதுவென்று எழுதுங்கள். கடன் நோட்டில் நிலுவை ஏறுகிறது, கேட்கக் கூச்சமாக இருக்கிறது. வேலையாள் மூன்று மாதம்கூட நிற்பதில்லை. வாடிக்கையாளரிடம் கோபம் வந்துவிடுகிறது. இவை பயிற்சியால் திருந்தக்கூடியவை. வரிக் கணக்குச் சிக்கல் என்றால் தேவைப்படுபவர் ஆடிட்டர். குறையைச் சொல்லத் தெரியாதவருக்கு எந்தப் பயிற்சியும் பொருத்தமாகத்தான் தோன்றும்.

2. கற்பிக்கும் முன் என்ன செய்தார் என்று கேளுங்கள். "எண்ணங்கள்" நூலை எழுதி, 1988இல் மக்கள் சக்தி இயக்கத்தைத் தொடங்கிய டாக்டர் எம். எஸ். உதயமூர்த்தி, அமெரிக்காவில் தாமே தொழில் நடத்திய அனுபவம் உள்ளவர். அமெரிக்காவின் டேல் கார்னகி 1912இல் நியூயார்க்கில் மேடைப்பேச்சு வகுப்பைத் தொடங்கியபோது, நிர்வாகம் நிலையான சம்பளம் தர மறுத்தது. வசூலில் ஒரு பங்கு போதும் என்று ஒப்புக்கொண்டார். மாணவர் வராவிட்டால் தமக்கும் வரவில்லை என்பதுதான் அந்த ஏற்பாடு. தன் சரக்கில் நம்பிக்கை உள்ளவர் முழுத் தொகையையும் முதல் நாளே கேட்க மாட்டார். தவணைக்குச் சம்மதிக்கிறாரா என்று பாருங்கள்.

3. சான்றிதழை விசாரியுங்கள். இந்தத் தொழிலுக்கு நம் நாட்டில் அரசு உரிமம் கிடையாது. யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம். 1995இல் தொடங்கிய சர்வதேசப் பயிற்சியாளர் கூட்டமைப்பு சில தகுதிகளை வழங்குகிறது. அதன் முதல் நிலைத் தகுதிக்கே 60 மணி நேரப் படிப்பும் 100 மணி நேரப் பயிற்சி அனுபவமும் வேண்டும். சான்றிதழ் இல்லாதவரெல்லாம் போலி அல்லர். ஆனால் இருப்பதாகச் சொல்பவர் எங்கே, எத்தனை மணி நேரம் படித்தார் என்று கேட்பது நம் உரிமை.

4. பில் கேளுங்கள். சேவை செய்பவரின் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். பயிற்சியிலேயே கோடிக்கணக்கில் சம்பாதிப்பதாக மேடையில் பேசுபவரிடம் 15 இலக்க எண் இல்லை என்றால், ஒன்று பேச்சு பொய், அல்லது கணக்கு பொய். தமிழ்நாட்டுப் பதிவு 33 என்று தொடங்கும்; ஜி.எஸ்.டி. இணையதளத்தில் எண்ணைப் போட்டால் பெயர் தெரியும். பயிற்சிக்கு வரி 18 சதவீதம். வரி தனி என்றால் 25,000 ரூபாய் 29,500 ஆகிவிடும். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு அந்த வரி திரும்பக் கிடைக்காது.

5. ஆள் சேர்க்கச் சொன்னால் எழுந்து வாருங்கள். "இன்னும் நான்கு பேரைச் சேர்த்தால் உங்கள் கட்டணம் திரும்பிவிடும்" என்று சொல்வது பயிற்சி அன்று, சங்கிலித் திட்டம். பணச் சுழற்சித் திட்டங்களை 1978ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. நேரடி விற்பனை நிறுவனங்கள் பிரமிடு திட்டம் நடத்துவதை 2021ஆம் ஆண்டு விதிகள் தடுக்கின்றன. நம் பேச்சை நம்பி அண்டைக் கடைக்காரர் பணம் கட்டினால், கெடுவது நம் பெயர்.

6. மாதிரி பாருங்கள். ஒரு வகுப்பில் உட்கார அனுமதி கேளுங்கள். கடந்த ஆண்டு பயின்ற இரண்டு கடைக்காரர்களை நேரில் சந்தித்து, "இப்போது கடையில் எது மாறியிருக்கிறது?" என்று கேளுங்கள். மனசுக்குத் தெம்பாக இருந்தது என்று மட்டும் சொன்னால் யோசியுங்கள். நிலுவை குறைந்தது, ஆள் நிலைத்தது என்றால் நம்பலாம். கட்டணம், நாட்கள், பிடிக்காவிட்டால் எவ்வளவு திரும்பும் என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம். அப்போது கையில் ரசீது இருக்க வேண்டும்.

7. அருகில் உள்ளதை மறக்காதீர்கள். தமிழ்நாடு அரசின் தொழில்முனைவோர் மேம்பாட்டு மற்றும் புத்தாக்க நிறுவனமும், மத்திய அரசின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான அலுவலகமும் கிண்டியில் இருக்கின்றன. பல்லாவரத்தில் மின்சார ரயில் ஏறினால் ஐந்தாவது நிலையம். பெரிய தொகை கட்டும் முன் அங்கே நடக்கும் பயிற்சிகளை ஒருமுறை விசாரித்து வருவது நல்லது.

இத்தனையும் பார்த்துச் சேர்ந்த பிறகும் ஒரு வேலை உண்டு. சேரும் நாளில் நிலுவைத் தொகை, தினசரி விற்பனை, வேலையாட்கள் எண்ணிக்கை மூன்றையும் பேரேட்டின் ஒரு பக்கத்தில் எழுதிவையுங்கள். மூன்று மாதம் கழித்து அதே பக்கத்தைப் புரட்டுங்கள். எண்கள் மாறியிருந்தால் அவர் நல்ல ஆசிரியர். மாறாவிட்டால், அடுத்த கட்ட வகுப்பு என்று அவர் அழைக்கும்போது தாராளமாக மறுத்துவிடலாம். தரமில்லாத சரக்கை நாம் இரண்டாம் முறை வாங்குவதில்லையே!