சீன வண்டிகளின் எண் பலகையைப் படிப்போம்

சீன மொழி அறியாத ஒருவர் பெய்ஜிங் நகரத் தெருவோரத்தில் நிற்பதாகக் கொள்வோம். எதிரே வரும் கார் எந்த ஊருடையது, பெட்ரோலில் ஓடுவதா, மின்சாரத்தில் ஓடுவதா என்று அவரால் கூற முடியுமா? எண் பலகையைப் படிக்கத் தெரிந்தால் முடியும். அதைக் கற்போம்.

முதலில் நிறம்

ஓர் எழுத்தை நாம் அடையாளம் காண, அது நம் கண்ணில் ஏறத்தாழ ஒரு பாகையில் 12-இல் ஒரு பங்கு கோணத்தையாவது உண்டாக்க வேண்டும். சீனப் பலகையில் எழுத்தின் உயரம் 90 மில்லிமீட்டர். ஆகவே சுமார் 60 மீட்டருக்கு அப்பால் எழுத்து தெளிவாகத் தெரியாது. பலகை முழுவதும் பரவிய நிறமோ இன்னும் தொலைவிலிருந்தே புலப்படும்.

நீலப் பலகையில் வெள்ளை எழுத்து இருந்தால் அது சிறிய கார். மஞ்சளில் கறுப்பு எழுத்து என்றால் பேருந்து, லாரி போன்ற பெரிய வண்டி. வெள்ளைப் பலகை காவல் துறைக்கும் இராணுவத்திற்கும் உரியது. கறுப்புப் பலகை தூதரக வண்டிகளுக்கு உரியது. பச்சை நிறம் மின்சார வண்டிகளையும், மின்சாரத்துடன் எரிபொருளும் பயன்படுத்தும் கலப்பு வண்டிகளையும் குறிக்கும். பச்சைப் பலகை 2016 டிசம்பரில் 5 நகரங்களில் முதலில் வந்தது. பிறகு நாடெங்கும் பரவியது.

அடுத்து எழுத்து

பலகையின் தொடக்கத்தில் உள்ள ஒற்றைச் சீன எழுத்து மாநிலத்தின் சுருக்கப் பெயர். பெய்ஜிங்கிற்கு 'ஜிங்', தலைநகர் என்பது அதன் பொருள். ஷாங்காய்க்கு 'ஹூ'. குவாங்டாங்கிற்கு 'யுவே'. அடுத்த ரோமன் எழுத்து நகரத்தைக் குறிக்கும். 'யுவே ஏ' என்றால் குவாங்டாங்கின் தலைநகரான குவாங்சோ. 'யுவே பி' என்றால் ஷென்சென்.

இதன்பின் 5 இடங்கள் வரும். எல்லாவற்றிலும் இலக்கங்களையே இட்டால் 1 லட்சம் எண்கள்தாம் கிடைக்கும். பெருநகருக்கு அது போதாது. எனவே எழுத்துகளையும் கலக்கிறார்கள். ஆனால் 1, 0 ஆகியவற்றுடன் குழம்பும் ஐ, ஓ எழுத்துகளை விட்டுவிடுகிறார்கள். மீதி 24 எழுத்துகள். 5 இடங்களில் ஏதேனும் ஒன்றில் மட்டும் எழுத்து வரலாம் என்று கொண்டால், 5 × 24 × 10,000 = 12 லட்சம் எண்கள்! பச்சைப் பலகையில் 6 இடங்கள் உண்டு. அதில் 'டி' எழுத்து முழு மின்சார வண்டியையும், 'எஃப்' கலப்பு வண்டியையும் காட்டும்.

ஓர் இலக்கத்தின் வலிமை

2008 அக்டோபரில் பெய்ஜிங்கில் நெரிசலையும் புகையையும் குறைக்க ஒரு விதி வந்தது. வாரத்தின் 5 வேலை நாட்களில் ஒரு நாள் ஒவ்வொரு காரும் வீட்டில் இருக்க வேண்டும். எந்த நாள் என்பதைக் கடைசி இலக்கம் தீர்மானிக்கும். 1, 6 ஒரு குழு, 2, 7 ஒரு குழு, இவ்வாறே 3, 8, 4, 9, 5, 0. அதாவது 5-ஆல் வகுத்தால் ஒரே மீதி தரும் இலக்கங்கள் ஒன்றுசேர்கின்றன. கடைசியில் எழுத்து இருந்தால் அது 0 எனக் கொள்ளப்படும். முழு மின்சார வண்டிகளுக்குப் பின்னர் விலக்கு அளிக்கப்பட்டது. கலப்பு வண்டிகளுக்கு அது இல்லை. பச்சைப் பலகையே ஆனாலும், 'டி'யா 'எஃப்'பா என்பதைப் பொறுத்தே வண்டி தெருவுக்கு வரும்!

செய்து பாருங்கள்: இரண்டு இடங்களில் எழுத்து வரலாம் என்றால் எத்தனை எண்கள் கிடைக்கும்?

விடை: இரண்டு இடங்களை 10 வகையில் தேர்ந்தெடுக்கலாம். 10 × 24 × 24 × 1,000 = 57,60,000.