தாக்க வீதத்தில் அமுக்கத்தின் செல்வாக்கு

“அமுக்கத்தை அதிகரித்தால் தாக்க வீதம் அதிகரிக்கும்.” மாணவர்களே, இவ்விடையில் ஒரு சொல் விடுபட்டுள்ளது. தாக்கிகளுள் ஒன்றேனும் வாயுவாக இருக்க வேண்டும் என்பதை எழுதாவிடின் கூற்று முழுமை பெறாது.

காரணத்தை நோக்குவோம். முனை அடைக்கப்பட்ட சிரிஞ்சு ஒன்றினுள் 60 கனசென்ரிமீற்றர் வாயு இருப்பதாகக் கொள்க. வெப்பநிலை மாறாதிருக்க முசலத்தை அழுத்தி, கனவளவை 30 கனசென்ரிமீற்றராகக் குறைத்தால் அமுக்கம் இரு மடங்காகும். மூலக்கூறுகளின் எண்ணிக்கை மாறவில்லை. அவை அடைந்துள்ள இடமே பாதியாயிற்று. எனவே செறிவும் இரு மடங்காகும். சிரிஞ்சினுள் ஒன்றோடொன்று தாக்கமுறும் இரு வாயுக்கள் இருப்பின் இரண்டினதும் செறிவு இரட்டிப்பதால், ஒரு கனசென்ரிமீற்றரினுள் ஒரு செக்கனில் அவற்றிடையே நிகழும் மோதல்கள் நான்கு மடங்காகும். பயன்தரு மோதல்களும் அதற்கேற்பக் கூடும்.

இங்கு பலர் இடறுவர். அமுக்கம் கூடியதால் மூலக்கூறுகள் வேகமாக இயங்குகின்றன என எழுதுவது தவறு. வேகம் வெப்பநிலையைப் பொறுத்தது. ஏவற்சக்தி குறைந்தது என எழுதுவதும் தவறு. அது ஊக்கியின் வேலை.

இன்னொரு பொறி: கனவளவு மாறாத பாத்திரத்தினுள் தாக்கமுறாத ஈலியத்தைச் செலுத்தினால் மொத்த அமுக்கம் கூடும். ஆயினும் தாக்கிகளின் செறிவு மாறாது. தாக்க வீதமும் மாறாது. அமுக்கம் என்ற சொல்லைக் கண்டவுடன் பேனையை எடுக்காமல், செறிவு மாறியதா என முதலில் கேளுங்கள்.

கைத்தொழிலில் இதற்குச் சிறந்த உதாரணம் ஏபர் முறை. பிரிட்ஸ் ஏபர் ஆய்வுகூடத்தில் 1909இல் செய்து காட்டியதை, கார்ல் பொஷ் பெரிய அளவுக்கு விருத்தி செய்தார். 1913இல் ஜேர்மனியின் ஒப்பாவ் நகரில் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. நைதரசனும் ஐதரசனும் ஏறத்தாழ 200 வளிமண்டல அமுக்கத்தில், இரும்பு ஊக்கியின் மேல் செலுத்தப்படுகின்றன. உயர் அமுக்கம் வீதத்தைக் கூட்டுவதோடு அமோனியாவின் விளைவையும் கூட்டுகிறது. ஏனெனில் நான்கு மூலக்கூறுகள் இரண்டாகின்றன. இவை வெவ்வேறு காரணங்கள். விடையில் கலந்து எழுத வேண்டாம்.

திரவங்களில் நிலைமை வேறு. 1000 வளிமண்டல அமுக்கத்திலும் நீரின் கனவளவு ஏறத்தாழ 4% மட்டுமே குறையும். எனவே சாதாரண அமுக்க மாற்றங்களின் செல்வாக்கைப் புறக்கணிக்கலாம். மிக உயர் அமுக்கத்தில் ஒரு புதுமை தெரியும். தாக்கிகள் விளைவுகளாக மாறும் வழியில் கடக்கும் இடைநிலையின் கனவளவு தாக்கிகளினதை விடச் சிறிதாயின் தாக்கம் விரைவுபடும், பெரிதாயின் மந்தமாகும். இவ்விரு கனவளவுகளின் வித்தியாசமே ஏவற் கனவளவு. பின்னர் எக்ஸ் கதிரைக் கண்டறிந்த றொஞ்சன், அமிலக் கரைசலில் சீனி பிரிகையுறுவது உயர் அமுக்கத்தில் மந்தமாவதை 1892இல் அறிவித்தார். இப்பகுதி மேலதிக அறிவுக்கு; பரீட்சைக்காக மனனம் செய்ய வேண்டியதில்லை.

வினா: மாபிள் துண்டுகளுக்கும் ஐதான ஐதரோகுளோரிக்கமிலத்துக்கும் இடையிலான தாக்கத்தின் வீதத்தை, அமுக்கத்தைச் சற்று உயர்த்திக் கூட்டலாமா?

விடை: முடியாது. இங்கு வாயுவாக இருப்பது விளைவாகிய காபனீரொட்சைட்டே. தாக்கிகள் திண்மமும் கரைசலும் ஆகும். மாபிளைத் தூளாக்கலாம், அமிலத்தின் செறிவைக் கூட்டலாம், அல்லது வெப்பமேற்றலாம்.